கூடை இறக்கிய பிறகு

மேற்பிரிவு லயம்,
லிந்துலை.
18.03.2006

அன்புள்ள ரோகினி மிஸ்ஸுக்கு,

நான் பூரணி. போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் கமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் கடைசி ஆள், பச்சைக் கம்பளிச் சட்டை. "கையை நீட்டிப் பிடியுங்கோ, மேல பாருங்கோ" என்று நீங்கள் கொழும்பிலிருந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். உங்கள் பக்கத்தில் இருந்த பெரிய டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதை நீங்கள் தமிழில், "பயப்பிட ஒண்டுமில்லை அக்கா, வேலை அலுப்புத்தான்" என்று சொன்னீர்கள். எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. நான் சொன்ன பொய்யை நீங்கள் நம்பி எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டீர்கள்.

இப்போது உள்ளதை எழுதுகிறேன். காலையில் எழும்பும்போது நான் நல்ல மனுஷி. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து மலையேறும்வரை ஒரு குறையும் இல்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். இடது கண் இமை தானாக இறங்கும். ஒரு கொழுந்து இரண்டாகத் தெரியும். இல்லாத கொழுந்தைக் கிள்ளப் போய் வெறும் காற்றைக் கிள்ளுவேன். அந்திக்குக் கையைத் தூக்கிக் கூடைக்குள் போட முடியாது. கங்காணியோடு பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் குரல் மூக்கு வழியாகப் போகும். "என்னா பூரணி, சாராயம் கீராயம் போட்டியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரிக்கப் பார்ப்பேன். வாய்தான் கோணிக்கொள்ளும்.

இதை ஏன் கமராவில் காட்டவில்லை என்று கேட்பீர்கள். பக்கத்தில் நாற்காலி போட்டுத் தோட்ட ஆபீஸ் வெல்பெயார் ஐயா உட்கார்ந்திருந்தாரே, அவர் உங்கள் படத்தில் தெரிந்தாரா? எங்களைப் பெரியவர்கள் யாராவது நிற்க வைத்துப் பார்த்தால் எங்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இவள் வேலைக்கு ஆவாளா, ஆக மாட்டாளா? எதிர்லயத்து மீனம்மா முழங்கால் வலி என்று உள்ளதைச் சொன்னாள். அந்த மாதமே வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டினார்கள். என் வீட்டுக்காரர் செல்லசாமி போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த லயத்து அறைக்கு என் பேர் ஒன்றுதான் இருக்கிறது. அதை வெட்டினால் என் மகள் சர்மிளா வேலைக்குப் பேர் பதிய வேண்டும், இல்லையென்றால் அறையை விட வேண்டும். அவளுக்கு மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை.

அதனால் பரீட்சைக்குப் போகிற மாதிரியே நானும் தயாரானேன். முந்தின நாள் என் நிரையையும் சேர்த்துப் பக்கத்து நிரைப் பேச்சியம்மா அக்கா கொழுந்தெடுத்தாள், நான் செடி மறைவில் உட்கார்ந்திருந்தேன். கமரா அன்று மலைக்கே போகவில்லை. காலை நேரம், டிஸ்பென்சரிக்குள் நல்ல குளிர். குளிரில் எனக்கு எப்போதும் கொஞ்சம் தெம்பு. நீங்கள் எண்ணச் சொன்னபோது ஓடுகிற ஓட்டத்தில் எண்ணி முடித்தேன். பாஸ் ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

போன் எடுத்துச் சொல்லலாம் என்றால் பேசப் பேசக் குரல் போய்விடும். டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் உங்கள் விலாசம் இருந்தது, அதைப் பார்த்து எழுதுகிறேன். பதிலைத் தோட்டத்து விலாசத்துக்குப் போடாதீர்கள், ஆபீஸ் வழியாக வந்தால் பிரித்துத்தான் வரும். லிந்துலை டவுனில் ஆண்டியப்பன் சலூன் மேற்பார்த்து என்று போடுங்கள்.

இது என்ன நோய்? என் மாதிரி ஆளை நீங்கள் முன்பு பார்த்திருக்கிறீர்களா? யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
செ. பூரணி


கொழும்பு 6
03.04.2006

அன்புள்ள பூரணி அக்கா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தேன். வாசித்து முடிக்கும்போது நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்கிறேன். நான் டொக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். கை கால் தசைகளின் பலத்தைப் பார்த்து டொக்டருக்குச் சொல்வது என் வேலை. தமிழ் தெரிந்தபடியால் உங்களோடு கதைக்கவும் என்னை வைத்திருக்கிறார்கள்.

அன்றைக்குக் கடைசியில் உங்கள் குரல் மாறினது எனக்குக் கேட்டது. "லைன் சரியில்லை டொக்டர், சத்தம் இழுக்குது" என்று நான்தான் சொன்னேன். உங்கள் கண் இமை இறங்கின மாதிரி இருந்ததும் தெரிந்தது. படம் விக்கி விக்கி வருவதால், கண் மூடும் இடத்தில் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்தோம். நீங்கள் மறைத்தது பாதி, எங்கள் மெசின் மறைத்தது மீதி.

நான் சந்தேகப்படுவது ஒரு நோயை. நரம்பு சொல்லும் செய்தி தசைக்குப் போய்ச் சேராமல் இடையில் நின்றுவிடும். ஓய்வெடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும், வேலை செய்யச் செய்யக் குறையும். குளிரில் சிலருக்கு நன்றாக இருக்கும். நீங்கள் எழுதினது எல்லாம் அதற்குப் பொருந்துகிறது. இதற்கு மருந்து இருக்கிறது, அக்கா. ஆனால் மருந்து தருவதற்கு டொக்டர் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் அடுத்த கமராவுக்கு ஓய்வெடுக்காமல் வாங்கோ. மலையில் இருந்து நேரே வாங்கோ, ஆகக் களைத்துப்போன நேரத்தில் வாங்கோ.

மூன்று விஷயம் மறைக்காமல் எழுத வேண்டும். சாப்பாடு விழுங்கக் கஷ்டமா? தலையை நிமிர்த்திப் பிடிக்க முடிகிறதா? படுக்கும்போது மூச்சு முட்டுகிறதா? முட்டினால் எனக்கு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம், கமராவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். நேரே நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. இந்த நோய் மூச்சுத் தசையைப் பிடித்தால் நேரம் தராது.

தோட்டத்தில் யாருக்கும் சொல்ல மாட்டேன். அது சத்தியம். நீங்கள் ஏன் நடித்தீர்கள் என்று எனக்கு நன்றாக விளங்குகிறது. நான் பருத்தித்துறைப் பிள்ளை, இங்கே ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன். பொலிஸ் வந்து கதவைத் தட்டி, எங்கே இருந்து வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கும்போது நானும் நல்லபிள்ளையாக, கை நடுங்காமல் நிற்கத்தான் பார்க்கிறேன். அவர்கள் போன பிறகு கதிரையில் இருந்து எழும்ப முடியாது. அது நோய் இல்லை, பயம். உங்களுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது.

உடனே பதில் போடுங்கோ.

அன்புடன்,
ரோகினி


மேற்பிரிவு லயம்
30.04.2006

அன்புள்ள ரோகினி மிஸ்ஸுக்கு,

சித்திரைக் கமரா நடக்கவில்லை. இடி விழுந்து லைன் போய்விட்டது. டிஸ்பென்சர் ஐயா கம்பியூட்டர் நனையாமல் அதன் மேல் படங்கு போர்த்தி வைத்திருக்கிறார். நாங்கள் மழையில் இடுப்பில் கட்டிக்கொண்டு நனைகிற அதே படங்குதான். அதற்கிருக்கும் யோகம் எங்களுக்கு இல்லை.

கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன், மிஸ். காலையில் கொஞ்சம் எழுதுவேன், பிறகு கை விட்டுவிடும். எழுத்துக் கோணலாக இருந்தால் அது அந்தி நேரத்து எழுத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ரொட்டியை மென்று முடிக்க முடியவில்லை. தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துத்தான் மெல்கிறேன். இரண்டு தடவை தேத்தண்ணி மூக்கு வழியாக வந்தது. சர்மிளா பார்த்துவிடுவாள் என்று அவள் படிக்க உட்கார்ந்த பிறகு தனியாகச் சாப்பிடுகிறேன். "ஏம்மா, எங்கூட உக்காந்து சாப்புட மாட்டேங்கிற? எம்மேல கோவமா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். வேறு என்ன சொல்ல?

தலையைப் பற்றிக் கேட்டீர்களே, அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது எப்படி உங்களுக்குத் தெரியும்? மலையில் இருக்கும்வரை என் தலை நிமிர்ந்துதான் இருக்கும். கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேலே போட்டு முதுகில் கூடையை விடுகிறோம் இல்லையா, கொழுந்து சேரச் சேர அந்தப் பாரம் தலையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். மற்றவர்களுக்கு அது கழுத்து வலி. எனக்கு அதுதான் கழுத்து. நிறுவைக்குப் போய்க் கூடையை இறக்கியதும் தாடை நெஞ்சில் போய் விழும். அதனால் எல்லோரும் நிறுத்துப் போன பிறகு கடைசியாக இறக்குகிறேன். இறக்கியதும் முக்காட்டைச் சரிசெய்கிற மாதிரி கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். "பூரணிக்கு இப்ப ரொம்ப வெக்கம் வந்திருச்சு" என்று பேச்சியம்மா அக்கா கேலி பண்ணுகிறாள். அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகத்தான் கேலி.

மூன்றாவது கேள்விக்கு எழுதப் பிடிக்கவில்லை. மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன். அதுவும் நன்றாகத் தூங்கிவிட்டால் மூச்சை மறந்துவிடுவேனோ என்று பயந்து பயந்து முழித்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறீர்கள். போனால் வார்டில் வைத்துக்கொள்வார்கள், தோட்டத்துக்கு ஆஸ்பத்திரித் துண்டு வரும், அதோடு பேர் போய்விடும். மார்கழிவரை ஓட்டிவிடலாம் என்று ஒரு யோசனை. பரீட்சை எழுதிவிட்டாள் என்றால் பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும். அடுத்த செவ்வாய்க் கமராவுக்கு என் பேரைக் கொடுக்கவில்லை. கூடை இருக்கிறது, மிஸ். கூடையை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன். தைரியம் சொல்லி ஒரு கடிதம் போடுங்கள், போதும்.

இப்படிக்கு,
பூரணி


கொழும்பு
08.05.2006

பூரணி அக்கா,

உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. நீங்கள் எழுதி ஒரு கிழமைக்கு மேலாகிறது. இந்த ஒரு கிழமையும் நீங்கள் எப்படி மூச்சு விட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது விடுகிறீர்களா என்றும் தெரியாது.

நான் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போய்த் தேத்தண்ணி மூக்கால் வந்ததையும், சுவரில் சாய்ந்து படுப்பதையும், கூடைக் கயிற்றையும் வரி வரியாகச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்கே பார்க்க வேண்டும், பின்னேரம் பார்க்க வேண்டும்" என்றார். டிஸ்பென்சரிக்குப் போன் எடுத்துச் சொல்லியாகிவிட்டது. உங்களை மலையில் இருந்து நேரே கூட்டிவரச் சொல்லியிருக்கிறோம். வாகனமும் ஆயத்தமாக நிற்கச் சொல்லியிருக்கிறோம்.

சத்தியம் பண்ணினதை மறக்கவில்லை. இந்தக் கடிதம் சலூனுக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

மார்கழி வரைக்கும் உங்களுக்குத் தவணை இல்லை, அக்கா. தைரியம் சொல்லச் சொன்னீர்கள். என்னிடம் அது இல்லை.

ரோகினி


மேற்பிரிவு லயம்
02.07.2006

ரோகினி அவர்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதைத் தெரிந்துகொள்ளத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், தெரிந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் ஒன்றும் அறியாமல் ஒன்பதாம் நம்பர் மலையில் நின்றேன். மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையா ஆளனுப்பிக் கூப்பிட்டார். கூடையோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். கதவைத் திறந்தால் வெல்பெயார் ஐயா இருக்கிறார், டிஸ்பென்சர் ஐயா இருக்கிறார், கமராவில் நீங்களும் பெரிய டொக்டரும் ஏற்கனவே வந்து காத்திருக்கிறீர்கள். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் உங்கள் முகத்தைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, சொல்லிவிட்டாள் என்று. நீங்கள் வாயைத் திறக்க முன்னமே வெல்பெயார் ஐயா, "என்னா, கூடையோட நிக்கிற? எறக்கு, டொக்டர் பாக்குறாரு" என்று சத்தம் போட்டார்.

ஐயா சொன்னால் இறக்கத்தானே வேண்டும். கயிற்றை எடுத்தேன். தலை விழுந்தது. கையால் பிடிக்கப் பார்த்தேன், கை மேலே வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். எச்சில் வழிந்தது, அதைத் துடைக்கவும் முடியவில்லை. யாரோ "ஐயோ" என்றார்கள். நீங்கள் கூப்பிட்டது கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. கண்டிப் பெரியாஸ்பத்திரி வார்டில் தொண்டைக்குள் குழாயோடு முழித்தது மட்டும்தான் அதற்குப் பிறகு ஞாபகம். வண்டியில் போகும்போது மூச்சு நின்று நின்று வந்ததாம். பேச்சியம்மா அக்கா சொன்னாள்.

மூச்சு வந்துவிட்டது. மாத்திரை தந்தார்கள், விழுங்கி அரைமணி போனால் இமை தானாகத் திறக்கிறது. அதெல்லாம் சரி. வீட்டுக்கு வந்து பார்த்தால் என் கூடைக் கயிறு ஆணியில் இல்லை.

நான் வார்டில் கிடந்தபோதே பேரை வெட்டிவிட்டார்கள். அறைக்கு ஒரு பேர் வேண்டும் என்றார்களாம். சர்மிளா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் என் படங்கைக் கட்டிக்கொண்டு போகிறாள். "ஒன்னுமில்லம்மா, கொஞ்ச நாளைக்குத்தானே" என்கிறாள். நானும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் பதினாறு வயதில் மலையேறினேன்.

உங்களை நம்பித்தானே எழுதினேன்? மீனம்மாவைப் பற்றியும் எழுதினேனே? ஒரு வார்த்தை, வெல்பெயார் ஐயாவை வெளியே போகச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் உயிரைக் காப்பாற்றினீர்கள். அதை எதற்காகப் பிடித்து வைத்திருந்தேனோ அதை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இனிமேல் எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

பூரணி


கொழும்பு
27.08.2006

பூரணி அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். கொஞ்ச நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கூடையை இறக்கினீர்கள், தலை விழுந்தது, அந்த இடத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. சத்தமும் நின்றது. உங்கள் தலை தொங்கின படம் எங்கள் முன்னால் அசையாமல் இருக்கிறது. லைன் நின்றதா, நீங்கள் நின்றுவிட்டீர்களா என்று எங்களுக்குத் தெரியாது. நான் "அக்கா, அக்கா" என்று கத்தினேன். டொக்டர் போனை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தார், யாரும் தூக்கவில்லை. அந்தப் படத்தை நான் இப்பவும் சாப்பிடும்போது காண்கிறேன்.

அந்த மனிதரை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது ஓடவில்லை. உங்கள் மூச்சை மட்டும்தான் யோசித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் டொக்டரிடம் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன், அக்கா. திரும்பவும் அப்படி ஒரு கடிதம் வந்தால் திரும்பவும் போய்ச் சொல்வேன். நீங்கள் இன்னும் ஆயிரம் கடிதம் எழுதி என்னை ஏசுங்கோ, வாங்கிக்கொள்கிறேன். ஏசுவதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

திரும்பவும் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டியாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் அங்கே. போன் இல்லை, கடிதம் இல்லை. பக்கத்து அறைப் பிள்ளையைப் பொலிஸ் விசாரணைக்குக் கொண்டுபோய் இரண்டு நாளில் விட்டார்கள், அவள் இப்போது கதைப்பதே இல்லை. ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் இருப்பது என்ன என்று எனக்கு உங்கள் படத்தில்தான் முதலில் தெரிந்தது. இப்போது நாள் முழுக்க அதுதான்.

டொக்டரோடு கதைத்தேன். மருந்தை நேரம் தவறாமல் எடுத்தால் நீங்கள் பாரமில்லாத வேலை செய்யலாம் என்கிறார். மலையேறிக் கொழுந்தெடுப்பது இப்போதைக்குக் கூடாது. தோட்டத்தில் வேறு வேலை இருக்கிறதா என்று உங்கள் தொழிற்சங்கத் தலைவரிடம் கேளுங்கோ. தோட்டம் கேட்டால் டொக்டர் கமராவில் பார்த்துத் தன் வாயால் சொல்வார். பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சர்மிளாவின் பேரைப் பள்ளிக்கூடம் ஏற்கனவே அனுப்பியிருக்கும், அது வெட்டுப்படவில்லை.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. வெறும் கடித உறையாவது அனுப்புங்கோ. இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

ரோகினி


மேற்பிரிவு லயம்
25.09.2006

அன்புள்ள ரோகினி மிஸ்ஸுக்கு,

வெறும் உறை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாதி இருக்கிறது. உங்கள் அம்மா அப்பாவிடமிருந்து தகவல் வந்ததா? வந்ததும் எழுதுங்கள். அவர்களுக்காக மாடசாமி கோயிலில் விளக்குப் போட்டேன். எங்கள் சாமிக்குப் பருத்தித்துறை எந்தப் பக்கம் என்று தெரியுமோ என்னவோ, நான் விளக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்தக் கடிதம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுகிறேன், கவனித்தீர்களா? எழுத்துக் கோணவில்லை. சர்மிளாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ரொட்டிதான், ஊறவைத்துச் சாப்பிடுகிறேன். தாடையைத் தாங்க வேண்டியதில்லை. அவள்தான் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை. வேலையால் வந்து கூடையை இறக்கியதும் அவள் தலை குனிந்துவிடுகிறது. முதல் நாள் அதைப் பார்த்து என் நோய் அவளுக்கும் வந்துவிட்டதோ என்று நினைத்தேன். "நிமிந்து பாருடி, மேல பாருடி" என்று நீங்கள் செய்ததையெல்லாம் செய்யவைத்தேன். எல்லாம் செய்கிறாள். பலம் இருக்கிறது. நிமிர்வதற்குத்தான் அவளுக்கு மனமில்லை.

சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய சண்டை. கடைசியில் தோட்டத் துரை ஒரு வழிக்கு வந்தார். பிள்ளை மடுவத்தில் ஆயாவுக்கு உதவிக்கு ஒரு ஆள் குறைகிறதாம். மலைக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்தான் அது. கொழும்பு டொக்டர் கமராவில் பார்த்து, இவளுக்கு முடியும் என்று சொன்னால் அங்கே என் பேரைப் பதிவார்களாம். என் பேர் பதிந்த அன்றைக்கே சர்மிளா பேரை எடுத்துவிடலாம். அவள் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை வெயிலில் காயப்போட்டுவிட்டாள்.

அடுத்த கமரா ஒக்டோபர் பத்தாம் திகதி. எனக்குக் காலை நேரம் ஒதுக்கியிருக்கிறது. பேச்சியம்மா அக்கா, "நல்லதாப் போச்சுடி, மாத்திரையப் போட்டுக்கிட்டுக் காலையிலயே போயி உக்காரு. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள பாஸு" என்றாள். வெல்பெயார் ஐயாவும் அதையேதான் சொல்கிறார், அவருக்கும் பைலை மூடினால் போதும்.

ஆனால் மிஸ், உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன கிழமை பேச்சியம்மா அக்காவின் பேரக் குழந்தையை மடியில் வைத்திருந்தேன், அழுதது, தூக்கித் தோளில் போட்டேன். அந்தி மாத்திரைக்குக் கொஞ்சம் முந்தின நேரம். இடது கை மெதுவாக வழுக்கியது. பிள்ளை மடியில்தான் விழுந்தது, சிரித்தது, அது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. நான் நினைக்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மருந்து நேரத்தை மாற்றினால் அது சரியாகுமா, இல்லை சரியாகாதா என்று எனக்குத் தெரியாது. மடுவத்தில் இருக்கிறதெல்லாம் என்னோடு மலையில் நின்ற பெண்களின் பிள்ளைகள். கூடையை இறக்குகிற மாதிரி அந்தப் பிள்ளைகளை நான் இறக்கிவிடக் கூடாது.

அதனால் டொக்டரிடம் சொல்லி என் நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றித் தாருங்கள். அன்றைக்கு முழுநாளும் வேலை செய்துவிட்டு வருகிறேன், விறகு எடுக்கிறேன், தண்ணி அள்ளுகிறேன். கூடை கொண்டுவர மாட்டேன். வெல்பெயார் ஐயா பக்கத்தில் இருந்தாலும் இருக்கட்டும். ஒரு பிள்ளையின் எடைக்கு அரிசி மூட்டை கட்டிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் போதும் என்று சொல்லும்வரை நிற்கிறேன். நின்றால் முடியும் என்று சொல்லுங்கள். கை விட்டால் விட்டது என்று சொல்லுங்கள். படம் நடுவில் நின்றுவிட்டால் லைன்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கொடியில் அந்தச் சட்டை ஆடுகிறது, நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எழுதுகிறேன். மறக்காமல் நேரத்தை மாற்றிவிடுங்கள். காலையில் வேண்டாம், மிஸ். காலையில் நான் யாரையும் ஏமாற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
பூரணி அக்கா